கடதாசியில் தலைக்கவசம்: முதல்முறை செய்பவருக்கு

என்னுடைய முதல் கடதாசித் தலைக்கவசம் புதுக்குடியிருப்பில் எங்கள் வீட்டுக் கோழிக்கூட்டுக்கு மேலே கவிழ்ந்து கிடக்கிறது. இடது கன்னம் ஒழுங்காக இருக்கிறது. வலது கன்னம், பல்லுப் பிடுங்கிவிட்டு வந்தவன் முகம்போல உள்ளே ஒட்டிப்போய் நிற்கிறது. மூன்று வார மாலைப் பொழுதும் இரண்டாயிரம் ரூபாவுக்கு மேல் காசும் அதற்குள் போயின. இரண்டாவது கவசம் பிழைத்தது. மருமகன் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில், வினோத உடை நிகழ்ச்சிக்கு மைதானத்தைச் சுற்றி நடந்தான். முதலாவதில் பட்டதையும் இரண்டாவதில் கற்றதையும் இங்கே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். கணினியில் முப்பரிமாணமாக வரைந்த ஒரு தலைக்கவசத்தை, தோடம்பழத் தோலை உரித்து விரிப்பதுபோலத் தட்டையான துண்டுகளாக விரிக்கிறார்கள். அந்தத் துண்டுகளை அச்சிட்டு, வெட்டி, மடித்து, இலக்கத்துக்கு இலக்கம் ஒட்டினால் பழைய வடிவம் திரும்பி வரும். ஜப்பான்காரர் வைத்த பேர் ‘பேப்பகுரா’. ஒட்டி முடித்ததும் அது முட்டைப் பெட்டி அளவுக்குத்தான் உறுதியாக இருக்கும். பிறகு உள்ளே கெட்டியாக்கி, வெளியே சுவருக்குப் பூசும் பட்டி போட்டுத் தேய்த்து, நிறம் பூச வேண்டும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இது மோட்டார் சைக்கிளுக்குப் போடும் ஹெல்மெற் அல்ல. பார்த்தால் இரும்புபோல இருக்கும், விழுந்தால் முட்டைக்கோது. போட்டி முடிந்த கையோடு பிள்ளை அதைப் போட்டபடியே அப்பாவின் சைக்கிளில் ஏறப் பார்ப்பான். விடாதீர்கள்.

1. நாளை எண்ணிப் பாருங்கள்

மூன்று வாரம் இல்லையென்றால் தொடங்க வேண்டாம். வகுப்பாசிரியர் வினோத உடையைப் பற்றிச் சொல்வது போட்டிக்கு ஒரு கிழமை முன்புதான். அது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உள்ள வழக்கம். ஆகவே, பிள்ளை இந்த வருடம் நிற்பானா, முகத்தை முழுக்க மூடும் உடைக்கு அனுமதி உண்டா, கையால் செய்ததாக இருக்க வேண்டுமா என்று நீங்களே முன்கூட்டிப் போய்க் கேளுங்கள்.

எனக்கு ஆன கணக்கு: அளவெடுத்துக் கோப்பைத் தயார்செய்ய ஒரு மாலை, அச்சிட ஒரு நாள், வெட்டி ஒட்ட எட்டு மாலை (ஒவ்வொன்றும் இரண்டு மணித்தியாலம்), கெட்டியாக்க நாலு நாள், பட்டி போட்டுத் தேய்க்க மூன்று நாள், நிறம் பூசிக் காயவிட மூன்று நாள். இதில் பாதிக்கு மேல் சும்மா காயவிடும் நேரம். அதைத்தான் நாங்கள் குறைக்கப் பார்ப்போம், அங்கேதான் கெடும்.

காலநிலையையும் பாருங்கள். வன்னியில் ஐப்பசியில் இருந்து மார்கழி, தை வரைக்கும் காற்றிலேயே ஈரம். கடதாசி அதைக் குடித்து இளகிவிடும். கோடையில் மூன்று மணித்தியாலத்தில் காயும் பசை மாரியில் ஒரு இரவு முழுக்கக் காயாது. இல்லப் போட்டி பெரும்பாலும் முதலாம் தவணையில்தான் வரும். அதற்காக மார்கழி விடுமுறையில் தொடங்குபவர்கள் ஒவ்வொரு காயவிடும் நாளையும் இரண்டாக எண்ணிக்கொள்ளுங்கள். வேலை நடக்கும் நாட்களில் இரவில் கவசத்தை வெறுநிலத்தில் வைக்கக் கூடாது. சீமெந்துத் தரையும் ஈரம் விடும், கறையானும் வரும். கதிரை மேல் வையுங்கள்.

2. கோப்பு

இணையத்தில் படங்களிலும் கணினி விளையாட்டுகளிலும் வரும் கவசங்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. முதல்முறைக்கு அவற்றில் எதையும் எடுக்க வேண்டாம். துண்டுகளின் எண்ணிக்கையைப் பார்த்து எடுங்கள். 60 துண்டுக்குள், 15 பக்கத்துக்குள், பெரிய தட்டையான முகங்களுள்ள ஒன்று போதும். 200 துண்டு, 40 பக்கம் என்று இருந்தால் அது அழகாகத்தான் இருக்கும். அடுத்த வருடம் செய்யலாம். நான் எடுத்தது ஒரு ரோபோத் தலை: 14 பக்கம், 58 துண்டு.

கோப்பு இரண்டு வகையில் வரும். ஒன்று பிடிஎஃப். இது கைத்தொலைபேசியிலேயே திறக்கும். மற்றது பிடிஓ. இதைத் திறக்க ஜப்பானின் டாமா சொஃப்ட்வெயர் தரும் ‘பேப்பகுரா வியூவர்’ வேண்டும். வியூவர் இலவசம், ஆனால் விண்டோஸ் கணினி தேவை. கணினி உள்ள ஒரு தம்பியைப் பிடித்து, வியூவரில் திறந்து, அச்சுப்பொறிக்குப் பதிலாக பிடிஎஃப் ஆக அச்சிடச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10இல் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. பிடிஓவில் ஒரு நன்மை உண்டு: எந்தத் துண்டு எங்கே போகிறது என்று திரையில் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். நாலு பக்கத்தில் இருந்தும் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நடு இரவில் ‘இந்த மூக்குத்துண்டு மேலையா கீழையா’ என்று வரும்போது உதவும்.

கோப்போடு வரும் குறிப்பையும் வாசியுங்கள். பெரும்பாலானவற்றில் தனிப்பட்ட பாவனைக்கு மட்டும் என்று எழுதியிருக்கும். பள்ளிக்கூட நிகழ்ச்சிக்குப் போடலாம், செய்து விற்க முடியாது.

3. தலையை அளப்பது

தையல்காரர் நாடாவால் நெற்றியைச் சுற்றி அளந்தால் போதும் என்று நினைத்தேன். போதாது. முழு முகத்தையும் மூடும் கவசத்துக்கு நாலு அளவு வேண்டும்: காதோடு சேர்த்த அகலம், மூக்கு நுனியில் இருந்து பிடரி வரை உள்ள ஆழம், நாடியில் இருந்து உச்சி வரை உயரம், அப்புறம் கழுத்துத் துவாரம்.

அகலத்தை எடுக்க ஒரு வழி: பிள்ளையை மேசையில் தலைவைத்து மல்லாக்கப் படுக்கவிட்டு, இரண்டு தடித்த புத்தகங்களை இரண்டு காதோடும் நிமிர்த்தி வைத்து, தலையை மெல்ல எடுத்தபின் இடைவெளியை அடிமட்டத்தால் அளவிடுங்கள். மருமகனுக்கு 17.5 சென்ரிமீற்றர் வந்தது. இரண்டு பக்கமும் மெத்தைக்கும் காற்றுக்கும் 2 சென்ரிமீற்றர் வீதம் சேர்த்தால் 21.5. கோப்பில் கவசத்தின் முழு அகலம் 25.8. 21.5ஐ 25.8ஆல் பிரித்தால் 0.83. ஆக 83 வீதத்தில் அச்சிட வேண்டும்.

கணக்கு முடிந்தது என்று கடைக்கு ஓடாதீர்கள். கழுத்துத் துவாரம் இருக்கிறது. கவசத்துக்குள் தலை தாராளமாக இருக்கும், ஆனால் உள்ளே போக வழி இருக்காது. போத்தலுக்குள் பிள்ளையார் கதைதான். கோப்பில் துவாரத்தின் சுற்றளவு 70 சென்ரிமீற்றர். 83 வீதத்தில் அது 58. பிறிஸ்டல் போட்டில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு பட்டி வெட்டி, 58 சென்ரிமீற்றர் வளையமாக ஒட்டி, மருமகனிடம் கொடுத்து, கவசம் போடுவதுபோல மேலிருந்து இழுக்கச் சொன்னேன். மூக்குத் தாண்டியது, காதில் இறுகியது.

“மாமா, காது பிய்யுது.”

வளையத்தை 60 ஆக்கினேன். இறங்கியது. 60க்கு 86 வீதம் வேண்டும். ஆகவே 86 என்று முடிவெடுத்தேன், அகலத்தில் கூடியதை உள்மெத்தை பார்த்துக்கொண்டது. ஒரு பட்டிக் கடதாசியும் ஐந்து நிமிடமும் போன வேலை இது. முதல் கவசத்துக்கு நான் இதைச் செய்யவேயில்லை.

4. அச்சிடுவது

ஆறுதலாக வாசியுங்கள், என் முதல் கவசம் இங்கேதான் செத்தது.

அன்று ஒரு கொமினிகேசன் கடையில் எட்டுப் பக்கம் அச்சிட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. மிச்சத்தை இன்னொரு கடையில் எடுத்தேன். முதல் கடையில் உள்ள அளவிலேயே வந்தது. இரண்டாவது கடையில், தாளுக்குப் பொருந்தும்படி சுருக்கும் தெரிவு தானாகவே விழுந்திருந்தது. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வீட்டில் வலது கன்னத்தை ஒட்டும்போதுதான் ஒரு விளிம்பு 14 சென்ரிமீற்றரும் அதோடு சேரவேண்டிய மற்ற விளிம்பு 13.6உம் இருந்தது தெரிந்தது. 4 மில்லிமீற்றர். இழுத்து ஒட்டலாம் என்று ஒட்டினேன். அடுத்த விளிம்பில் அது 7 ஆனது. அதற்கடுத்ததில் வாய் கோணியது.

இந்தச் சுருக்கம் எப்போதும் காத்துக்கொண்டுதான் இருக்கும். இணையத்தில் கிடைக்கும் கோப்புகளில் பல அமெரிக்க லெற்றர் தாளுக்காகச் செய்தவை. அது 216க்கு 279 மில்லிமீற்றர். எங்கள் ஏ4 210க்கு 297. அகலம் கூடிய தாளை எங்கள் தாளுக்குள் அடக்க இயந்திரம் தானாகவே ஏறத்தாழ 3 வீதம் குறைக்கும். கடைக்காரருக்கு அது உதவிதான். உங்களுக்குக் கன்னம் போய்விடும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள்:

கோப்பை வட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆவணமாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது நசுங்கி, அளவும் போய், கோடுகளும் மங்கும். பென் டிரைவ் கொண்டுபோனால், வீட்டுக்கு வந்ததும் வைரஸ் பார்த்துவிட்டுத் திறவுங்கள்.

கடையில், பொருந்தச் செய்யும் தெரிவை எடுத்துவிட்டு, விருப்ப அளவில் உங்கள் வீதத்தைப் போடச் சொல்லுங்கள். எனக்கு 86. முதலில் ஒரே ஒரு பக்கத்தைச் சாதாரணத் தாளில் எடுங்கள். அடிமட்டத்தைக் கையோடு கொண்டுபோங்கள். கோப்பில் 10 சென்ரிமீற்றர் அளவுக்கோடு இருந்தால் தாளில் அது 8.6 இருக்க வேண்டும். 8.4 என்றால் எங்கோ சுருங்குகிறது. சரியாக வந்தபின் மிச்சத்தை எடுங்கள். எல்லாப் பக்கமும் ஒரே கடையில், ஒரே இயந்திரத்தில், ஒரே நாளில். கரண்ட் போனால் காத்திருங்கள், அல்லது முழுவதையும் மறுபடி எடுங்கள்.

தாள் விஷயம். சாதாரண போட்டோக் கொப்பித் தாள் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றர் தாளின் நிறை, கிராமில்). அது கவசத்துக்கு மெல்லிது. 160இல் இருந்து 200 வரை நல்லது. 220ஐத் தாண்டினால் மடிக்கும் இடம் வெடிக்கும். எங்கள் ஊரில் கேட்ட முதல் கடையில் “அண்ணா, இது மெசினுக்கை இறுகும், ஏலாது” என்று தங்கச்சி கையை விரித்துவிட்டாள். அவளில் பிழையில்லை. கீழ்த்தட்டில் போட்டால் இறுகத்தான் செய்யும். பக்கத்தில் திறக்கும் சின்னத் தட்டால் ஒவ்வொன்றாகக் கொடுத்தால் போகும். அப்படிக் கொடுக்க ஒத்துக்கொண்ட கடை எனக்குக் கிளிநொச்சியில்தான் கிடைத்தது. தாளும் அங்கேயே வாங்கினேன். பள்ளிக்கூடப் பிறிஸ்டல் போட்டை ஏ4 அளவுக்கு வெட்டிக் கொடுக்கலாமா என்று கேட்பீர்கள். விளிம்பு நேராக இல்லாமல் தாள் சரிந்து போகும், கோடும் சரியும். அதை வளையத்துக்கும் முட்டுக்கொடுக்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சு லேசராக இருக்கட்டும். மை தெளிக்கும் இங்க்ஜெற் பிரின்டரில் எடுத்தால் பசை பட்டதும் கோடு கரைந்து கையெல்லாம் நீலமாகும்.

கடைசியாக, சாதாரணத் தாளில் இன்னொரு தொகுதி எடுத்து வெட்டாமல் வைத்திருங்கள். 280 ரூபாதான் எனக்கு முடிந்தது. வெட்டியபின் ஒரு துண்டின் இலக்கம் தெரியாமல் போனால் அதில்தான் தேடுவீர்கள்.

5. கீறி, வெட்டி, மடிப்பது

வெட்டும் முன் கீறுங்கள். மை வற்றிய போல்பொயின்ற் பேனையை அடிமட்டத்தோடு வைத்து மடிப்புக் கோட்டின் மேல் அழுத்தி இழுத்தால் ஒரு பள்ளம் விழும். பிறகு மடிப்பு கோட்டை விட்டு விலகாது. பிளேட்டால் கீறினால் தாள் அறுந்து, கெட்டியாக்கும்போது அந்த இடம் பிரியும்.

மடிப்பு இரண்டு வகை. மேட்டு மடிப்பில் அச்சுப் பக்கம் வெளியே பிதுங்கும், பள்ள மடிப்பில் உள்ளே போகும். ஒன்றுக்கு வெறும் கோட்டுத்துண்டுகள், மற்றதற்குக் கோடும் புள்ளியும். எது எதற்கு என்பது வரைந்தவரைப் பொறுத்து மாறும். முதல் பக்கத்திலுள்ள விளக்கத்தைப் பாருங்கள். விளக்கம் இல்லாவிட்டால் மூக்குத்துண்டை எடுத்து மடித்துப் பாருங்கள். மூக்கு வெளியே வந்தால் சரி.

துண்டுகளை ஒரே நாளில் வெட்டித் தள்ளாதீர்கள். நான் 58ஐயும் ஒரே இருப்பில் வெட்டி, பாயில் பரப்பி, பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்து மின்விசிறியைப் போட்டா. ஒரு காதுத்துண்டு இன்றைக்கும் கிடைக்கவில்லை. ஒரு பக்கம் வெட்டி, அந்தப் பக்கத்தை ஒட்டி, அடுத்ததை எடுங்கள். வெட்டும் முன் ஒவ்வொரு துண்டின் பின்பக்கத்திலும் பென்சிலால் இலக்கம் எழுதுங்கள். ஒரு அப்பியாசக் கொப்பியில் 1இல் இருந்து இலக்கங்களை வரிசையாக எழுதி, ஒட்டியதும் சரி போட்டால் பாதிப் பிரச்சினை வராது.

6. ஒட்டுவது

பைண்டர் கம் நல்லது. நாக்குபோல நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புகளில் ஒரு சீலைத்துண்டாலோ பழைய தூரிகையாலோ மெல்லிதாகத் தடவி, முப்பது வரை எண்ணும்வரை பிடித்திருங்கள். கூடப் பூசினால் தாள் நனைந்து சுருளும். சுப்பர் குளூ வேகமாக ஒட்டும். ஆனால் விரலையும் ஒட்டும். ஊற்றுப்பட்டால் பருத்தித் துணியால் துடைக்காதீர்கள். பருத்தியில் பட்டால் அது சூடாகிப் புகைக்கும், கையைச் சுடும். பிள்ளை கூட இருந்து ஒட்டுகிறான் என்றால் பைண்டர் மட்டும்.

விளிம்புகளில் உள்ள இலக்கம்தான் வழி. 31 உள்ள விளிம்பு இன்னொரு 31ஓடு சேரும். உச்சியில் தொடங்கிக் கீழே வாருங்கள். இடப்பக்கம் ஒரு துண்டு, வலப்பக்கம் ஒரு துண்டு என்று மாற்றி மாற்றி ஒட்டுங்கள். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்கினால் தலை முறுகும். ஒரு மில்லிமீற்றர் பிசகினால் அதே இடத்தில் கழற்றுங்கள். ‘பிறகு பார்ப்போம்’ என்றால் பிறகு கோழிக்கூடுதான்.

ஒட்டி முடித்ததும் கழுத்துத் துவாரம் பப்பாளிபோல நீள்வட்டமாக நசுங்கப் பார்க்கும். பத்திரிகைத் தாளை இறுக்கிச் சுருட்டி இரண்டு குழாய் செய்து, உள்ளே குறுக்கும் நெடுக்குமாக முட்டுக்கொடுங்கள். அடுத்த படி முடியும்வரை அவை இருக்கட்டும். இந்தக் கட்டத்தில் பிள்ளையை ஒருமுறை போட்டுப் பார்க்கவும் சொல்லலாம், முட்டுக் குழாய்களை எடுத்துவிட்டு, மெதுவாக.

7. கெட்டியாக்குவது

இரண்டு வழி இருக்கிறது. முதல்முறை என்றால் பசையும் துணியும். என் கருத்தில் பள்ளிக்கூட நிகழ்ச்சிக்கு அதற்கு மேல் தேவையேயில்லை.

பைண்டர் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. பழைய பருத்திச் சாரத்தை இரண்டு விரல் அகலக் கீலங்களாகக் கிழித்து, பசையில் தோய்த்து, நன்றாக வழித்தெடுத்து, உட்பக்கத்தில் மட்டும் ஒட்டுங்கள். மடிப்பு மூலைகளில் விரலால் அழுத்தி உட்கார வைக்க வேண்டும். ஒரு படை, பிறகு ஒரு இரவு காயட்டும். மூன்று படை போதும். வெயிலில் வைக்காதீர்கள். வெயில் படும் பக்கம் முதலில் சுருங்கி முழுக் கவசமும் வளையும். நிழலும் மின்விசிறியும் சரி. மூன்றாவது படை காய்ந்தபின் விரலால் சுண்டினால் பெட்டியைத் தட்டுவதுபோலச் சத்தம் வரும்.

கோதுமை மாப் பசை மலிவுதானே என்று அம்மா கேட்டா. மலிவுதான். கரப்பானும் எலியும் அதைவிட மகிழ்ச்சியாக இருக்கும். புத்தகம் கட்டுபவர்கள் பூச்சி வராமல் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். அது நஞ்சு. பிள்ளை மூக்கையும் வாயையும் வைக்கும் இடத்தில் அதைப் போடவே கூடாது.

இரண்டாவது வழி ரெசினும் (இறுகிக் கல்லாகும் திரவப் பிசின்) பைபர் பாயும் (கண்ணாடி இழை விரிப்பு). முல்லைத்தீவுக் கரையில் பைபர் படகு திருத்துபவர்களிடம் இரண்டும் இருக்கும். நான் என் முதல் கவசத்துக்கு வட்டுவாகல் பாலம் தாண்டிப் போய் வாங்கினேன். கோணல் கன்னத்தை ரெசின் நிமிர்த்திவிடும் என்ற நப்பாசை. ரெசின் கோணலையே நிரந்தரமாக்கியது. படகு திருத்தும் ஐயா அன்று சொன்னதை மறக்கவில்லை:

“தம்பி, கொஞ்சம் கொஞ்சமாக் கலவும். கோப்பை நிறையக் கலந்தீரெண்டால் பூச முதலே கல்லாப் போடும், சூட்டிலை புகையும்.”

அப்படியே நடந்தது. பிளாஸ்ரிக் கோப்பை கையில் இருக்கும்போதே உருகியது. இந்த வழியில் போகிறவர்களுக்கு நாலு வரி. கெட்டியாக்கும் திரவம் ரெசினின் நிறையில் 1இல் இருந்து 2 வீதம்தான், எங்கள் வெயிலில் 1 போதும். அது கண்ணில் பட்டால் பார்வை போகலாம். கண்ணாடி போடுங்கள், பட்டால் உடனே குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கோபால்ட் எனும் ஊதாத் திரவத்தைத் தனியாகத் தந்தால் அதையும் கெட்டியாக்கியையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக் கூடாது, வெடிக்கும். ஏற்கெனவே கோபால்ட் கலந்த ரெசினாகக் கேட்டு வாங்குங்கள். புகைக்குத் துணி மாஸ்க் பயன்படாது, இரசாயன ஆவியைத் தடுக்கும் வடிகட்டி உள்ளது வேண்டும். அதன் விலை மட்டும் மொத்தக் கவசத்தின் விலையைத் தாண்டும். இத்தனைக்கும் பிறகு மணம் முற்றாகப் போகும்வரை பிள்ளையின் தலையில் வைக்க முடியாது. நான் மறுபடி இந்த வழியால் போகமாட்டேன்.

8. பட்டியும் நிறமும்

சுவருக்குப் பூசும் பட்டியை வெளிப்பக்கத்தில் மெல்லிதாகத் தடவி, காயவிட்டு, 120ஆம் இலக்க சாண்ட் பேப்பரால் தேயுங்கள். பிறகு 240. மினுக்கம் வேண்டுமானால் 400. தடிப்பாக ஒரே தடவையில் போட்டால் வெடிக்கும். தூசி நெஞ்சுக்கு ஆகாது. மூக்கை மூடிக்கொண்டு முற்றத்தில் வைத்துத் தேயுங்கள்.

நிறத்துக்கு, வீடு பூசி மிஞ்சிய எமல்ஷன் போதும். ஸ்பிரே போத்தல் என்றால் ஏறத்தாழ ஒரு அடி தூரத்தில் இருந்து மெல்லிய மூன்று படை. முதல் படையிலேயே மூடப் பார்த்தால் வழியும். இராணுவக் கவசம்போல பச்சையும் கபிலமும் திட்டுத்திட்டாகப் பூசவா என்று மருமகன் கேட்டான். வேண்டாம் என்றேன். ஏன் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சாம்பல் நிறமும் ஒரு மஞ்சள் கோடும் அவனுக்குப் போதுமாக இருந்தது.

9. கண்ணும் காற்றும்

கண்ணுக்கு இருண்ட கண்ணாடிபோல ஏதாவது வேண்டும். பழைய எக்ஸ்ரே படத்தை வெட்டி வைத்தேன். வெளியில் இருந்து பார்க்க அருமை. உள்ளிருந்து பார்த்த மருமகனுக்கு அம்மம்மாவின் விலா எலும்புக்குக் குறுக்காகத்தான் மைதானம் தெரிந்தது. புத்தகக்கடையில் நிறமுள்ள ஊடுதெரியும் பிளாஸ்ரிக் ஃபைல் கவர் வாங்குங்கள். காலடி தெரிகிறதா என்று படியில் ஏறி இறங்கவிட்டுப் பாருங்கள். மூச்சுக்காற்று பட்டு மங்கினால் மேல் விளிம்பில் விரல் அகல இடைவெளி விடுங்கள்.

நாடிக்குக் கீழும் பிடரியிலும் காற்றுத் துவாரம் வெட்டுங்கள். சின்னதாக இரண்டு போதாது. ஒத்திகையில் ஐந்தாவது நிமிடத்தில், “மாமா, மூச்சு விடேலாமல் கிடக்கு” என்றான். பிறகு பிடரிப்பக்கம் உள்ளங்கை அளவுக்கு வெட்டி வலைத்துணி ஒட்டினேன். அது முன்னால் இருந்து தெரியாது. மாசி வெயிலில் ஒரே தடவையில் பத்து நிமிடத்துக்கு மேல் போடவிடாதீர்கள். அணிவகுப்பில் தன் முறை வரும்வரை கையில் வைத்திருக்கட்டும்.

உள்மெத்தைக்குக் குஷன் தைக்கும் இடத்தில் வெட்டுத்துண்டு ஸ்பொஞ் கிடைக்கும். உச்சி, பிடரி, இரு கன்னம் என நாலு துண்டு போதும். ரெஜிபோமை வைக்காதீர்கள். ஸ்பிரேயும் ரெசினும் பட்டால் அது சீனிபோலக் கரையும். தலைக்கு எண்ணெய் வைக்கும் பிள்ளை என்றால் ஸ்பொஞ்சுக்கு மேல் ஒரு துணியைப் போட்டு, கழற்றித் தோய்க்கிறமாதிரி விடுங்கள்.

10. எனக்கு முடிந்த காசு

இரண்டாவது கவசத்தின் கணக்கு, ரூபாவில்: தடித்த தாளில் அச்சு 14 பக்கம் 700, சாதாரணத் தாளில் மேலதிகத் தொகுதி 280, பைண்டர் 450, கட்டரும் பிளேட்டும் 250, பட்டி 400, சாண்ட் பேப்பர் 240, ஸ்பிரே இரண்டு 1700, ஸ்பொஞ் 300, ஃபைல் கவர் 60. மொத்தம் 4380. கிளிநொச்சி பஸ் காசு இதில் இல்லை. ஸ்பிரேக்குப் பதிலாக எமல்ஷன் என்றால் 2700க்குள் முடியும். உங்கள் ஊரில் விலை மாறும், ஆனால் எது பெரிய செலவு என்பது மாறாது.

11. கொண்டுபோவதும் வைப்பதும்

மைதானத்துக்கு உரப்பையில் போட்டு, உள்ளே பழைய சாரத்தைத் திணித்து, மடியில் வைத்துக் கொண்டுபோங்கள். சைக்கிள் காரியரில் கட்டினால் கயிறு கன்னத்தை அமுக்கும். கையில் ஒரு சின்னப் பைண்டர் போத்தலும் நாலு துணிக்கீலமும் இருக்கட்டும். எங்களுக்கு நாடித்துண்டு பிரிந்தது பெயர் கூப்பிடும் நேரத்தில்தான்.

முடிந்ததும் உள்ளே துடைத்து, ஒரு நாள் காற்றாட விட்டு, உயரத்தில் தொங்கவிடுங்கள். அம்மா அதைக் குசினிப் பரணில், விதைவெங்காயத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறா. ஈரம் அண்டவில்லை, கறையான் வரவில்லை, கொஞ்சம் புகை நிறம் மட்டும் ஏறியிருக்கிறது. அடுத்த முறை எடுத்துப் போடும் முன் கவிழ்த்துத் தட்டி, டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். போன மாதம் நான் எடுத்தபோது பிடரித் துவாரத்துக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது.